ரயில் படத்துக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

நம் சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டிச் சென்ற முறை ஒரு புகைப்படப் போட்டி நடத்தினோம். தலைப்பு: ரயில். பரிசு பெரிதல்ல. முதல் பரிசு நான்கு அடுக்கு எவர்சில்வர் டிபன் காரியர். ரயில் போட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு கிடையாது என்று செயற்குழுவில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்து ஏற்றுக்கொண்டோம்.

நாற்பத்தொரு படங்கள் வந்தன. வியப்பில்லை. மும்பையில் வாழும் தமிழருக்குக் காலையில் கண் விழித்தால் லோக்கல் வண்டி, மே மாதம் பிறந்தால் ஊருக்குப் போகும் வண்டி. பாதி வாழ்க்கை ரயிலிலேயே கழிகிறது.

நடுவர்கள் மூவர். ஒருவர் கல்யாணில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற எஞ்சின் டிரைவர். இப்போது 'லோகோ பைலட்' என்கிறார்கள்; அவர் தம்மை டிரைவர் என்றே சொல்லிக்கொள்வார். இன்னொருவர் முப்பது வருஷம் ஸ்டூடியோ நடத்தியவர். மூன்றாமவன் நான். வங்கியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் காமிராவும் கையுமாக அலைச்சல்.

முடிவை அறிவித்த பிறகு பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "17ஆம் எண் படம் அவ்வளவு நன்றாக இருந்ததாமே, அதற்கு ஏன் பரிசு இல்லை?" நின்ற இடத்தில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல அது. ஒரு ரயில் படத்தை நடுவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை முதலில் சொன்னால்தான் அந்த முடிவு விளங்கும். அடுத்த போட்டிக்குப் படம் எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் கணக்கு

படங்களில் பெயரை மறைத்து எண் மட்டும் போட்டோம். ஒளியும் தெளிவும் 5, படத்தின் அமைப்பு 5, ரயிலைப் பற்றிய அறிவு 5, இடமும் மனிதரும் 5. ஆக ஒரு நடுவருக்கு 20, மூவருக்கும் சேர்த்து 60. மூவரும் தனித்தனியே மதிப்பெண் போட்ட பிறகுதான் கூடிப் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். முதலிலேயே பேசினால் குரல் உயர்ந்தவர் சொல்வதுதான் தீர்ப்பாகிவிடும்.

ஒளியும் தெளிவும்

கல்யாணப் பெண்ணை ஸ்டூடியோவில் நிற்க வைத்துப் படம் எடுப்பவர் அவளை நேருக்கு நேர் பார்க்கச் சொல்ல மாட்டார். சற்றே திரும்பச் சொல்வார். ரயிலுக்கும் அதே முறைதான். எஞ்சினின் முகமும் பக்கவாட்டுப் பெட்டி வரிசையும் சேர்ந்து தெரிகிற முக்கால் முகப் படம் உலகெங்கும் ரயில் படக்காரர்களின் பால பாடம். 1938-ல் 'ஹை அயர்ன்' என்ற நூலை வெளியிட்ட அமெரிக்கரான லூசியஸ் பீப் இவ்வகைப் படங்களில் பெரும் பிடிப்பு உள்ளவர்.

இதில் முகமும் பக்கமும் இரண்டுமே வெளிச்சம் பெற வேண்டும். சூரியன் படம் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால், சற்று ஒரு புறமாக இருந்தால் அது கிடைக்கும். கிழக்கிலிருந்து வரும் வண்டியைக் காலையில் எடுத்தால் அதன் முகம் இருட்டாகவே விழும். அதே வண்டியை மாலையில் எடுத்துப் பாருங்கள், பளிச்சென்று இருக்கும். நண்பகல் வெயில் கூரைக்கு வெளிச்சம் தந்து சக்கரங்களை இருளில் தள்ளிவிடும். மழைக்கால மேகம் நல்ல நண்பன். நிழலே விழாததால் அடியில் இருக்கும் சக்கரமும் ஸ்பிரிங்கும்கூடத் தெரியும்.

அடுத்தது அசைவு. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் நகர்கிறது. ஷட்டர் ஒரு நொடியில் 125-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தாலே வண்டி 20 செ.மீ. நகர்ந்துவிடும். 1000-ல் ஒரு பங்கு என்றால் இரண்டரை செ.மீ.தான். பக்கவாட்டில் ஓடும் வண்டி அதிகம் கலங்கும்; நம்மை நோக்கி வரும் வண்டி குறைவாகக் கலங்கும். வண்டியோடு சேர்த்துக் காமிராவையும் சீராகத் திருப்பிக்கொண்டே எடுத்தால் வண்டி தெளிவாகவும் பின்னணி கோடு கோடாகவும் விழும். வேண்டுமென்றே கலங்க விடுவதும் உண்டு. ரகு ராய் 1995-ல் சர்ச்கேட் நிலையத்தில் எடுத்த படத்தில், கூட்டம் முழுவதும் ஆறு போல ஓட, பத்திரிகை படிப்பவர்கள் மட்டும் அசையாமல் இருப்பார்கள். தினமும் அந்தக் கூட்டத்தில் கரைகிற நமக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

செல்போன் படங்களில் ஒரு வினோதம் உண்டு. வேகமாகக் குறுக்கே ஓடும் வண்டியின் ஜன்னல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். போன் காமிரா படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதிவதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிகிறது. கீழ் வரிக்கு வருவதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது. பக்கத்திலுள்ள கம்பம் நேராக நின்று ஜன்னல் மட்டும் சாய்ந்திருந்தால், அது எடுத்தவர் கை கோணியதால் அல்ல. அதற்கு நாங்கள் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை.

அமைப்பு

படம் கோணலா, நேரா என்பதை வண்டியை வைத்து முடிவு செய்யக் கூடாது. வளைவுகளில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்தித்தான் போட்டிருப்பார்கள். வேகமாக வரும் வண்டி வெளியே தள்ளப்படாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆகவே வளைவில் வண்டி சாய்ந்துதான் நிற்கும். கட்டிடச் சுவரையும் கம்பத்தையும் பார்த்தே நேர் பிடிக்க வேண்டும். ஸ்டூடியோக்காரர் இரண்டு படங்களைக் கோணல் என்று ஒதுக்க, டிரைவர் இதைச் சொல்லி மீட்டுக் கொடுத்தார்.

அகலப் பாதைகள் பெரும்பாலும் மின்மயமாகிவிட்டன. ஏறத்தாழ 60, 70 மீட்டருக்கு ஒரு கம்பம் நிற்கிறது. எஞ்சின் தலையில் கம்பம் முளைத்தது போல விழுவது சகஜம். இரண்டடி தள்ளி நின்றாலோ, அரை நொடி பொறுத்தாலோ அது விலகிவிடும். அந்தப் பொறுமைக்குத்தான் அமைப்பு மதிப்பெண்.

ஊர்ப்பாசத்துக்கு மதிப்பெண் உண்டா?

இங்கே என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பத்தொரு படங்களில் ஒன்பது பாம்பன் பாலம். எனக்குச் சொந்த ஊர் இராமநாதபுரம் பக்கம். ஒன்பதுக்கும் வாரி வழங்கிவிட்டேன். மற்ற இருவரும் என் மதிப்பெண் தாளைப் பார்த்துச் சிரித்தார்கள். கடலும் பாலமும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. படம் எடுத்தவர் அதற்கு மேல் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. மறுநாள் உட்கார்ந்து திருத்தினேன். ஒருமுறை மதிப்பெண் போட்டு, ஓர் இரவு தூங்கி எழுந்து, மறுபடி பார்ப்பது நடுவர்களுக்கு நல்ல பழக்கம்.

அந்த ஒன்பதில் ஒன்று 'இந்த ஆண்டு எடுத்தது' என்ற குறிப்புடன் வந்தது. படத்தில் வண்டி பழைய பாலத்தின் மேல் போகிறது. 1914-ல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது; புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. ஆகவே அது பழைய படம். அனுப்பியவர் வயதில் மூத்தவர். பேரன் தப்பாகக் குறிப்பு எழுதிவிட்டான் என்று தெரிந்தது. போட்டியிலிருந்து எடுத்து, விழா மண்டபத்தில் 'பழைய பாம்பன்' என்று தனியாக மாட்டினோம். அன்று அதிகம் பேர் நின்று பார்த்தது அந்தப் படத்தைத்தான்.

சேர்த்தலும் நீக்கலும்

கணினியில் படத்தை எவ்வளவு திருத்தலாம் என்ற கேள்வியும் வந்தது. இது புதிய கேள்வி அல்ல. ஓ. வின்ஸ்டன் லிங்க் என்ற அமெரிக்கர் 1955 முதல் சில ஆண்டுகள் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களை இரவில், ஏராளமான ஃபிளாஷ் பல்புகளை ஒரே நேரத்தில் எரியவிட்டுப் படம் பிடித்தார். அவற்றில் மிகப் புகழ் பெற்றது 1956-ல் எடுத்தது. திறந்தவெளிச் சினிமாக் கொட்டகை, காரில் ஒரு ஜோடி, திரையில் விமானம், அருகே புகை கக்கிக்கொண்டு ரயில். ஃபிளாஷ் வெளிச்சத்தில் சினிமாத் திரை வெளுத்துப்போனதால், விமானக் காட்சியை வேறொரு நெகட்டிவிலிருந்து இருட்டறையில் சேர்த்தார். இன்றும் அது மேதையின் படம் என்றே கொண்டாடப்படுகிறது.

நாங்கள் வைத்துக்கொண்ட கோடு இதுதான். வெளிச்சம் கூட்டலாம், ஓரம் வெட்டலாம், கோணல் நிமிர்த்தலாம். இல்லாத ரயிலையோ மேகத்தையோ சேர்த்தால் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அது ஒரு கலை. மறைத்தால் போட்டியில் இடமில்லை.

17ஆம் எண் படம்

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். கர்ஜத்துக்கு மேலே போர் காட் மலைப்பாதை. மழை விட்ட நேரம், பள்ளத்தாக்கிலிருந்து எழும் மூடுபனி. வளைவை முடித்து நேர்ப்பாதைக்கு வந்துவிட்ட எஞ்சினின் விளக்கு, ஈரத் தண்டவாளங்களில் இரண்டு வெள்ளிக் கோடுகளாக நம் காலடிவரை ஓடி வருகிறது. ஸ்டூடியோக்காரர் 20-க்கு 18 போட்டார். நானும் 18. டிரைவர் அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"ஏன் சார்?" என்று கேட்டேன்.

"இந்தப் பையன் தண்டவாளத்துக்கு நடுவுல நிக்கிறான் சார்" என்றார்.

எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டபோது படத்தை நிமிர்த்திப் பாடம் நடத்தினார். ஒன்று, இரண்டு தண்டவாளங்களும் படத்தின் கீழ் மூலைகளில் இருபுறமும் சமமாக முடிகின்றன. ஓரத்தில் நின்றால் அப்படி வராது. இரண்டு, நேர்ப்பாதையில் தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றுகூடுவது போலத் தோன்றும் புள்ளி வண்டியின் எந்த உயரத்துக்கு நேராக இருக்கிறதோ, ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் காமிரா இருந்திருக்கும். இங்கே அது எஞ்சினின் பஃபருக்குச் சற்று மேலே. மேம்பாலத்திலிருந்து எடுத்திருந்தால் கூரை தெரியும். மூன்று, காலடி ஸ்லீப்பரின் இரும்புப் பிடிப்புகூடத் தெளிவாகத் தெரிகிறது. தூரத்திலிருந்து ஜூம் செய்த படத்தில் காலடி நிலம் வராது. ஸ்லீப்பர்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும்.

பிறகு கம்பங்களை எண்ணினார். எஞ்சினுக்கும் காமிராவுக்கும் நடுவே நூறு மீட்டர் இருந்தால் அதிகம். மலைப்பாதை வேகம் 60 கி.மீ. என்று வைத்தாலும் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல். ஆறு நொடி. அங்கே மூன்று பாதைகள் அருகருகே ஓடுகின்றன. ஒரு வண்டிக்காக ஒதுங்குகிறவர், அதன் சத்தத்தில் பக்கத்துப் பாதையில் வரும் வண்டியைக் கேட்கமாட்டார். சமவெளியில் 100 கி.மீ. வேகத்தில் வரும் எக்ஸ்பிரஸ், அவசர பிரேக் போட்டாலும் நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆகும்.

"ஹார்ன் அடிக்கலாம், பிரேக் போடலாம். திருப்ப முடியாது. மேலே உட்கார்ந்திருக்கிறவன் முகத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்றார். அவருடைய பணிக்காலத்தில் ஒருமுறை அப்படி நேர்ந்திருக்கிறது. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

இருந்தாலும் ஊகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது அல்லவா? எண்ணுக்குரிய பெயரைத் திறந்து, அனுப்பியவரிடம் போனில் பேசினேன். பதினோராம் வகுப்பு மாணவன். ஒளிக்காமல் சொன்னான்: "ஆமா அங்கிள், நடுவுலதான் நின்னேன். ஃபிரெண்டு ஒருத்தன் பார்த்துக்கிட்டிருந்தான்."

அவனுடைய அப்பாவுக்குக் கோபம். "விளம்பரத்தில் இப்படி ஒரு விதி போடவே இல்லையே? விளையாட்டு முடிந்த பிறகு விதி சொல்வது என்ன நியாயம்?" என்றார். அவர் கேட்டது சரி. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவுப்படி அனுமதியில்லாமல் ரயில்வே இடத்தில் நுழைவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இருக்கிறது என்று நாங்கள் சொல்லலாம். ஆனால் ரயில் படம் எடுங்கள் என்று பிள்ளைகளைத் தூண்டியது நாங்கள். எங்கே நிற்கக் கூடாது என்று ஒரு வரி எழுத மறந்ததும் நாங்களே.

மூவரும் ஒரு மாலை முழுவதும் பேசினோம். மதிப்பெண்ணைக் குறைத்து மூன்றாம் பரிசு தரலாமா என்று நான் கேட்டேன். ஸ்டூடியோக்காரர் மறுத்துவிட்டார். "மூன்றாம் பரிசு என்றாலும் மண்டபத்தில் மாட்டுவோம். நாற்பது பிள்ளைகள் பார்ப்பார்கள். அடுத்த வருஷம் நாற்பது பேரும் அங்கே போய் நிற்பார்கள்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. படத்துக்குப் பரிசு இல்லை, மாட்டுவதும் இல்லை என்று முடிவாயிற்று. பையன் மேல் குற்றப் பட்டியல் எதுவும் வாசிக்கவில்லை.

பரிசு பெற்ற படம்

முதல் பரிசு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் படத்துக்கு, 60-க்கு 49. இதுவும் கர்ஜத்தான், ஆனால் பிளாட்பாரத்திலிருந்து எடுத்தது. கர்ஜத்திலிருந்து மலைமேல் போகும் பாதையில் ஏற்றம் 37-க்கு 1, அதாவது 37 மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் ஏற வேண்டும். 1863-ல் திறக்கப்பட்ட இந்த மலைப்பாதையில், எஞ்சின் இழுக்கும் பல வண்டிகளுக்கு இன்றும் கர்ஜத்தில் பின்னாலிருந்து தள்ள எஞ்சின்கள் சேர்க்கிறார்கள். 2023-ல் விடப்பட்ட சோலாப்பூர் வந்தே பாரத் போன்ற வண்டிகளுக்கு அந்தத் துணை தேவையில்லை. நம்மவர்கள் ஊருக்குப் போகும்போது இந்த நேரத்தில் வடா பாவ் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

எல்லோரும் முன் எஞ்சினைப் படம் எடுக்க ஓடும்போது இந்தப் பெண் திரும்பிப் பின்னால் நடந்திருக்கிறாள். பின் எஞ்சினை வண்டியோடு இணைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பாயின்ட்ஸ்மேன் வெளியே வருகிறார். கார்டு, 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று பெயர், எட்டிப் பார்க்கிறார். வெளிச்சம் சுமார்; படம் கொஞ்சம் கோணல்கூட. ஆனால் இந்த இடத்தில் மட்டும் நடக்கும் ஒரு வேலையும், அதைச் செய்யும் ஆளும் அதில் இருக்கிறார்கள். டிரைவர் அதற்குப் போட்டது 19.

1869 மே 10-ல் அமெரிக்காவின் பிராமன்டரியில் இரு கம்பெனிகளின் தண்டவாளங்கள் சேர்ந்தபோது ஏ. ஜே. ரஸ்ஸல் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. இரண்டு எஞ்சின்கள் முகத்துக்கு முகம் நிற்க, கைகுலுக்கும் பெரிய மனிதர்கள், சுற்றிலும் கூட்டம். சென்ட்ரல் பசிபிக் பாதையைப் பாறை உடைத்துப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். அந்தப் படத்தில் அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ரயில் படத்தில் ரயிலை ஓட வைப்பவரும் இருந்தால் ஒரு மதிப்பெண் கூடுதல் என்று நாங்கள் நினைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த போட்டிக்கு

இம்முறை விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்தப் படத்துக்கும் மதிப்பெண் போடுமுன் 'எங்கே நின்று எடுத்தது?' என்று கேட்போம். பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்கு உட்புறம், பொதுமக்கள் நடக்கும் மேம்பாலம், சாலை, உட்கார்ந்திருக்கும் ஜன்னல் ஆகியவை சரி. தண்டவாளம், வண்டியின் படிக்கட்டு, திறந்த கதவு, கூரை, மூடிய கேட்டுக்கு உள்ளே ஆகியவை கூடாது. மேம்பாலத்தில் செல்ஃபி குச்சியை நீட்ட வேண்டாம். கீழே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது, தொடாமலே தாக்கும். நிலையத்தில் பெரிய காமிராவும் ஸ்டாண்டும் வைத்து எடுப்பதானால் நிலைய அதிகாரியிடம் முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

விழா முடிந்த மறுவாரம் டிரைவர் அந்த மாணவனைக் கர்ஜத்துக்கு அழைத்துப் போனார். பிளாட்பாரத்தின் கோடியில் பெஞ்சில் உட்கார வைத்து, எந்த வண்டி எந்தப் பாதையில் வரும், சிக்னல் எப்படி மாறும் என்று நாள் முழுவதும் காட்டியிருக்கிறார். பையன் நூறு படங்கள் எடுத்தானாம். 17ஆம் எண் போல ஒன்றும் வரவில்லை என்று அவனே சொன்னான். பொய் சொல்லவில்லை, அது நல்ல படம்தான். அவனுடைய அப்பா இன்னும் எங்களோடு முன்போலப் பேசவில்லை. அவர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். விதியை முன்கூட்டிச் சொல்லாத தவறு எங்களுடையது. அதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். முடிவை மட்டும் மாற்றிக்கொள்ள முடியவில்லை.

டிபன் காரியர் இந்த ஆண்டும் உண்டு. படங்களை அனுப்புங்கள். எங்கே நின்று எடுத்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.